வேலியில்லாத காட்டில் இரண்டு வயதுப் பிள்ளை: நோர்வேயின் இலையுதிர்காலமும் நடக்கும் உரிமையும்

நோர்வேயில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் பூட்டு. சட்டம் அப்படி. அன்றைக்கு இந்த நாட்டுக் குடும்பங்கள் முதுகுப்பையில் பாணும் சுடுதண்ணிப் போத்தலும் வைத்துக்கொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்கு நடக்கப் போகின்றன. 'தூர்' என்று அதற்குப் பெயர். மழை பெய்தாலும் போவார்கள், குளிர்ந்தாலும் போவார்கள். செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும், இலைகள் மஞ்சளாகி உதிரும் நாட்களில், காட்டுப் பாதைகளில் சனம் கூடும்.

ஒஸ்லோவில் வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் இந்தப் பழக்கம் குறைவு. சனிக்கிழமை தமிழ்ப் பாடசாலை, நடன வகுப்பு. ஞாயிறு கோயில், பிறந்தநாள், சாமத்திய வீடு, இல்லாவிட்டால் வேலை. காடு என்பது பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகிற இடம் என்றே பல பெற்றோர் நினைக்கிறார்கள்.

எங்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கடந்த இலையுதிர்காலத்தில் ஏறத்தாழ எல்லா ஞாயிறும் அவளோடு வெளியே போனோம். அந்த நடைகளுக்குப் பின்னால் என்ன சட்டம் இருக்கிறது, சின்னப் பிள்ளையோடு போக என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எங்கள் மண்ணிலிருந்து வந்த ஒருவருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பவற்றை இங்கே எழுதுகிறேன்.

யாருடைய காணி, யார் நடக்கலாம்?

நோர்வேயின் காடுகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். ஆனாலும் அவற்றுக்குள் எவரும் நடக்கலாம். இந்த உரிமையை 'அல்லமான்ஸ்ரெத்தன்' என்கிறார்கள். எல்லோருக்குமான உரிமை என்று பொருள். நெடுங்காலமாக வழக்கமாக இருந்த இதனை 1957 ஜூன் 28ஆம் திகதிய சட்டம் ஒன்று எழுத்தில் உறுதிப்படுத்தியது. இதற்குப் பிரஜாவுரிமை தேவையில்லை. இங்கே பிறந்தவருக்கும் நேற்று வந்து இறங்கிய உல்லாசப் பயணிக்கும் ஒரே உரிமைதான்.

சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. காடு, மலை, சதுப்பு, கடற்கரை போன்ற பயிரிடப்படாத நிலம் ஒன்று. வீட்டு வளவு, வயல், புல் வெட்டும் நிலம் போன்றவை மற்றது. முதலாவதில் ஆண்டு முழுவதும் நடக்கலாம். இரண்டாவதில், அதாவது வயலிலும் புல் நிலத்திலும், நிலம் உறைந்திருக்கும்போது அல்லது பனி மூடியிருக்கும்போது மட்டும் நடக்கலாம். அதிலும் ஏப்ரல் 30 முதல் ஒக்டோபர் 14 வரை கூடவே கூடாது. வீட்டு வளவு எப்போதும் வீட்டுக்காரருக்கே. ஆகவே இலையுதிர்காலத்தில் அறுவடை முடிந்த வயல் வெறுமையாகக் கிடந்தாலும் அதைக் குறுக்கறுத்து நடப்பதில்லை. ஓரப் பாதையால் காட்டுக்குப் போக வேண்டும்.

காட்டில் கூடாரம் அடித்தும் தங்கலாம். ஆட்கள் இருக்கும் வீட்டிலிருந்தோ விடுமுறைக் குடிலிலிருந்தோ குறைந்தது 150 மீற்றர் தள்ளி அடிக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்குவதானால், ஊருக்குத் தொலைவான இடங்களையும் உயர்மலையையும் தவிர, காணிக்காரரிடம் கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டியும் நெருப்பு மூட்டத் தடை. தீப் பிடிக்கவே வாய்ப்பில்லாத இடங்கள் மட்டும் விதிவிலக்கு. அதனால்தான் செப்டெம்பர் நடுப்பகுதிக்குப் பிறகு காட்டோரங்களில் புகை மணக்கும். பிள்ளைகள் தடியில் சொசேஜ் குத்திச் சுடுவார்கள். நாங்கள் ரொட்டியைச் சூடாக்கிச் சம்பலோடு சாப்பிடுவோம். போகும்போது நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்து, குப்பையைத் திரும்பக் கொண்டு போக வேண்டும். ஆடு மாடு நிற்கும் இடத்துப் படலை திறந்தால் பூட்ட வேண்டும்.

உரிமையும் கடமையும் ஒரே சட்டத்தில் இருப்பதால் காணிக்காரருக்கும் பயமில்லை, நடப்பவருக்கும் பயமில்லை. பிள்ளையோடு போகும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தெரியும். யாரும் வந்து "இங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கப் போவதில்லை.

காட்டில் கிடைப்பவை

காட்டுப் பழங்களையும் காளானையும் எவரும் பறிக்கலாம், காசு இல்லை. வடக்கு மாகாணங்களில் 'முல்த்தே' என்ற மஞ்சள் பழத்துக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் உண்டு. ஒஸ்லோவைச் சுற்றி ஓகஸ்டில் நீலநிறப் 'புளோபேர்' கிடைக்கும். செப்டெம்பரில் சிவப்புப் 'தித்தபேர்' பழுக்கும். புளிப்பும் கொஞ்சம் கசப்பும் உள்ளது. சீனி போட்டுக் கிண்டி இறைச்சியோடு சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் அது சட்னியாகிறது. பற்றைகள் முழங்காலுக்குக் கீழே இருப்பதால் இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சரியான உயரம். மகளுக்குப் பறிப்பதும் தின்பதும் ஒன்றுதான். வாளி எப்போதும் வெறுமையாகவே வீடு வரும்.

காளான் வேறு கதை. மஞ்சள் நிறக் 'கன்தரெல்' இங்கே எல்லோரும் தேடும் காளான். அதே காட்டில் உயிரைக் கொல்லும் காளான்களும் முளைக்கின்றன. தூய வெள்ளை நிறக் காளான் ஒன்று ஈரலை அழிக்கும். கூரிய தொப்பியோடு செம்மண்ணிறத்தில் வரும் இன்னொன்று சிறுநீரகத்தை அழிக்கும். வெள்ளைக் காளான் தின்றவருக்கு வயிற்றோட்டமும் வாந்தியும் தொடங்கப் பல மணி நேரம் ஆகலாம். மற்றதன் பாதிப்பு வெளியே தெரிய நாட்கள் எடுக்கும். அதனால் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று விட்டுவிட முடியாது. பிள்ளை எதையாவது வாயில் வைத்துவிட்டால் நஞ்சுத் தகவல் நிலையத்துக்கு 22 59 13 00 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம். மிச்சத் துண்டை வீசாமல் வைத்திருக்க வேண்டும்.

காளான் காலத்தில் ஞாயிறு மாலைகளில், சனம் காட்டிலிருந்து இறங்கும் இடங்களில், காளான் தெரிந்தவர்கள் மேசை போட்டு இருப்பார்கள். பறித்ததைக் காட்டினால் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள். பறிக்கும்போது அடியோடு எடுக்க வேண்டும். அடிப்பகுதியைப் பார்த்துத்தான் பல காளான்களை இனங்காண்கிறார்கள். எங்கள் மகளுக்கு ஒரே விதி: காளானை அப்பாவிடமோ அம்மாவிடமோ காட்ட வேண்டும், வாய்க்குப் போகக் கூடாது. எங்கள் கண் அவளை விட்டு எடுபடாத நேரமும் அதுதான்.

கிழங்கு விடுமுறை

இங்கே பாடசாலைகளுக்கு இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் விடுமுறை. ஒஸ்லோவில் ஆண்டின் 40ஆவது வாரம், மேற்குக் கரையில் 41ஆவது வாரம். பழைய ஆட்கள் இதனைக் 'கிழங்கு விடுமுறை' என்பார்கள். உருளைக்கிழங்கு கிண்டும் காலத்தில் பிள்ளைகளின் கைகளும் வயலுக்குத் தேவைப்பட்டதால் வந்த விடுமுறை அது. இப்போது இயந்திரம் கிண்டுகிறது, பெயர் மட்டும் மிச்சம்.

மியோசா ஏரியின் மேற்கே உள்ள தூத்தன் பகுதி கிழங்குக்குப் பெயர்போனது. மனைவியோடு வேலை செய்யும் ஒருவரின் பெற்றோர் அங்கே தோட்டம் செய்கிறார்கள். அவர்கள் அழைத்ததால் விடுமுறையில் இரண்டு நாள் போய் நின்றோம். இயந்திரம் விட்டுப் போன சின்னக் கிழங்குகளை மகள் ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கோடைக்கு மலைக்கு அனுப்பிய செம்மறிகளை அப்போதுதான் கீழே ஓட்டி வந்திருந்தார்கள். நோர்வேயில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செம்மறிகளும் குட்டிகளும் கோடையில் இப்படித் திறந்த மலைகளில் மேய்கின்றன. செப்டெம்பரில் ஊரே சேர்ந்து அவற்றைத் தேடிச் சேர்க்கிறது.

வயலில் நின்றபோது எனக்கு வலிகாமத்துச் செம்மண் நினைவுக்கு வந்தது. அங்கே மாரியில் நட்டு, மாசி பங்குனியில் கிழங்கு கிண்டுவார்கள். அந்தச் செம்மண்ணில் ஒரு பகுதி 1990இல் சனம் இடம்பெயர்ந்த நாளிலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பல கட்டங்களாக விடுவித்தும் மிச்சம் இன்னும் படையினரின் கையில் இருக்கிறது. தன் தோட்டத்தில் பேரப்பிள்ளைக்குக் கிழங்கு பொறுக்கக் காட்ட முடியாமலே கண்ணை மூடிய வயோதிபர்கள் அங்கே இருக்கிறார்கள்.

உடுப்பு, இருட்டு, உண்ணி

"கெட்ட காலநிலை என்று ஒன்று இல்லை, கெட்ட உடுப்புத்தான் உண்டு" என்பது இங்கே எல்லோரும் சொல்லும் பழமொழி. ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், "பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கும், வெளியில கொண்டு போகாதையுங்கோ" என்பார். தடிமனைக் கொண்டு வருவது வைரஸ். பூட்டிய அறையில் பல பிள்ளைகள் சேர்ந்திருக்கும்போது அது இலகுவாகப் பரவும். ஆனால் ஈரமும் குளிரும் பிள்ளையை வாட்டும் என்பதில் அம்மா சொல்வது சரி. அதற்கு வழி உடுப்பில் இருக்கிறது.

உடலோடு ஒட்டி மெல்லிய கம்பளி. அதன் மேல் தடித்த கம்பளி அல்லது பிளீஸ். வெளியே மழையும் காற்றும் புகாத உடுப்பு. பருத்தி நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்து உடற்சூட்டை உறிஞ்சும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். சப்பாத்து ஒரு விரலளவு பெரிதாக இருக்க வேண்டும். இறுகினால் கால் விறைக்கும். பிள்ளைக்குக் குளிர்கிறதா என்று அறியக் கையைத் தொட்டுப் பார்த்தால் போதாது. பிடரியைத் தொட வேண்டும். பிடரி சூடாக இருந்தால் பிள்ளை நலம், வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் கழற்றலாம். முதுகில் காவும் இருக்கையில் பிள்ளை அசையாமல் இருப்பதால், நடக்கிற எங்களை விட அவளுக்குக் கூடுதலாக ஒரு அடுக்கு தேவை.

ஒஸ்லோவில் செப்டெம்பர் கடைசியில் பகலும் இரவும் சமம். ஒக்டோபர் முடிவில் பகல் ஒன்பது மணித்தியாலமாகச் சுருங்கிவிடும். ஆகவே காலையிலேயே புறப்பட வேண்டும், வெளிச்சம் பட்டால் மின்னும் 'றிஃப்ளெக்ஸ்' பட்டியைப் பிள்ளையின் உடுப்பில் மாட்ட வேண்டும். எல்க் என்ற பெரிய காட்டுமானை வேட்டையாடும் காலம் செப்டெம்பர் 25இல் தொடங்குகிறது. நாட்டுப்புறக் காடுகளுக்குப் போகிறவர்கள் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துவது நல்லது.

எங்களைப் போன்ற கறுத்தத் தோலினருக்கு இன்னொரு விஷயம் உண்டு. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்குள்ள சூரியனால் தோலில் விற்றமின் டி போதியளவு உருவாகாது. கண்டியிலும் ஒஸ்லோவிலும் வாழும் இலங்கையரை ஒப்பிட்டு 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, ஒஸ்லோவில் இருப்பவர்களிடம் இந்த விற்றமின் மிகவும் குறைவாக இருப்பதைக் காட்டியது. இலையுதிர்காலத்தில் வெளியே நடப்பது நல்லதுதான். ஆனால் அது விற்றமின் துளிகளுக்கோ மீனெண்ணெய்க்கோ ஈடாகாது. பிள்ளைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைச் சுகாதார நிலையத் தாதியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

உண்ணி கடைசியாக. நவம்பர் வரைக்கும் புல்லில் உண்ணி இருக்கும், கரையோரங்களில் அதிகம். வீடு வந்ததும் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, கமக்கட்டு, காதின் பின்புறம், தலைமயிர் எல்லாம் பார்க்க வேண்டும். கடித்திருந்தால் எண்ணெயோ வெண்ணெயோ பூசாமல், சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து இழுத்து எடுக்க வேண்டும். பிறகு நாட்களிலோ வாரங்களிலோ அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிள்ளையின் வேகம்

இரண்டு வயதுப் பிள்ளையோடு ஒரு கிலோமீற்றர் நடக்க ஒரு மணித்தியாலம் ஆகும். குட்டை, கல், எறும்பு, விழுந்த மரம் எல்லாவற்றிலும் அவளுக்கு அலுவல் இருக்கும். தூரத்தை அளக்காமல் வெளியே நின்ற நேரத்தை அளந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

ஒஸ்லோவில் இதற்குத் தூரம் போகவும் தேவையில்லை. ஐந்தாம் இலக்கச் சுரங்க இரயில் முடியும் இடத்தில் சோன்ஸ்வான் ஏரி. சுற்றிவர மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட, தள்ளுவண்டி தாராளமாகப் போகும். தமிழர் பலர் வாழும் குரூருட் பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் லில்லோமார்க்கா, மறுபக்கம் எஸ்த்மார்க்கா. பல அடுக்குமாடிகளிலிருந்து காட்டுக்கு நடந்தே போகலாம். எஸ்த்மார்க்காவின் ஒரு பகுதி 2023இல் தேசிய பூங்காவாகியது. மரங்களில் நீல அடையாளம் இருந்தால் நடைபாதை, சிவப்பு இருந்தால் பனிச்சறுக்குப் பாதை.

இவ்வளவு கிட்ட இருந்தும் எங்கள் முதல் தலைமுறை போகவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. எண்பதுகளில் வந்தவர்களில் பலர் வடக்கே பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்றவர்கள். பிறகு ஒஸ்லோவில் இரண்டு வேலை செய்து, வீடு வாங்கி, ஊருக்கும் பணம் அனுப்பினார்கள். குளிரில் சும்மா நடப்பதற்கு அவர்களுக்கு நேரம் எங்கே? என் மனைவி இங்கேயே வளர்ந்தவர். திங்கட்கிழமை வகுப்பில் எல்லோரும் வார இறுதியில் போன 'தூர்' பற்றிச் சொல்லும்போது தனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்பார். இன்று ஒரு வயதிலேயே பிள்ளைகள் பாலர் நிலையத்துக்குப் போகிறார்கள். அங்கே நாள்தோறும் வெளியே விளையாட விடுவார்கள், வாரத்தில் ஒரு நாளாவது காட்டுக்குப் போவார்கள். அந்த உலகத்தைத் தாய் தகப்பனோடும் பகிர முடிந்த பிள்ளைக்கு வீடும் வெளியும் இரண்டாகப் பிரிவதில்லை. பாசி, பட்டை, எறும்புப் புற்று, பனி என்று நாங்கள் காட்டுக்குள் தமிழில்தான் கதைக்கிறோம். மகளின் தமிழ்ச் சொற்களில் ஒரு பங்கு காட்டில் பிடித்தவை.

பாதையை விட்டு இறங்குவது

நான் வன்னியில் வளர்ந்தவன். 2002 சமாதான காலத்தில் பாடசாலைக்கு வந்து மிதிவெடி பற்றி வகுப்பு எடுத்தார்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நில். தெரியாத பொருளைத் தொடாதே. சனம் நடக்கும் பாதையை விட்டு இறங்காதே. அந்தப் பாடங்கள் எங்களில் பலரைக் காப்பாற்றின. ஆனால் அவை உடம்பில் தங்கிவிடுகின்றன. மகள் பாதையை விட்டுப் பாசிக்குள் இறங்கும்போது என் கை தானாக நீளும். "விடுங்கோ, அவள் போகட்டும்" என்று மனைவி சொல்வார். அவருக்குக் காடு என்றால் பழமும் மரமும்தான்.

மிதிவெடித் தடை உடன்படிக்கையின் வாசகம் ஏற்றுக்கொள்ளப்பட்டது இதே ஒஸ்லோவில், 1997 செப்டெம்பரில். இலங்கை அதில் 2017 டிசெம்பரில்தான் இணைந்தது. அதன்படி நிலம் முழுவதையும் துப்புரவாக்க 2028 ஜூன் 1 வரை காலம். முகமாலையில் பெண்கள் பலர் உட்பட எங்கள் சனம் முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியிருக்கிறார்கள். இங்கே என் பிள்ளை ஓடித் திரியும் ஒரு காட்டுத் துண்டின் அளவு நிலத்தை அங்கே நடக்கக் கூடியதாக்க எத்தனை பேருடைய நாட்கள் போகின்றன என்பதை இந்த நடைகளில் நான் அடிக்கடி யோசிப்பேன்.

வெடி எடுத்தால் மட்டும் நிலம் திரும்பி வராது. கேப்பாப்புலவு மக்கள் 2017 மார்ச்சில் படைமுகாம் வாசலில் இருந்து போராடத் தொடங்கியது தங்கள் சொந்தக் காணிக்காக. வனத் திணைக்களத்தின் எல்லைக் கற்கள் பயிர்செய்த நிலங்களுக்குள் நடப்பட்ட கதைகளை வன்னியிலும் கிழக்கிலும் எல்லோரும் சொல்வார்கள். அங்கே 'காடு' என்ற சொல்லே காணியைப் பறிக்கும் சொல்லாகிவிட்டது.

நோர்வேயையும் சொர்க்கம் என்று எழுத நான் வரவில்லை. பூஸன் பகுதியில் சாமி பழங்குடியினர் கலைமான் மேய்த்த நிலத்தில் காற்றாலைகள் கட்டப்பட்டன. அதற்கான அனுமதிகள் அவர்களின் உரிமையை மீறின என்று 2021 ஒக்டோபரில் இந்நாட்டு உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எவரும் நடக்கலாம் என்ற உரிமை, நிலத்தை நம்பி வாழ்பவரின் உரிமைக்குப் பதிலாகாது. இரண்டும் வேண்டும்.

ஆனால் 1957 சட்டத்தில் நாங்கள் எடுத்துப் பார்க்க ஒன்று இருக்கிறது. காணி உனக்குச் சொந்தமாக இருக்கலாம், அரசுக்குச் சொந்தமாக இருக்கலாம், பிள்ளையோடு அதன் வழியே நடந்து போகிறவரை நீ மறிக்கக் கூடாது; நடப்பவர் அதைப் பழுதாக்கக் கூடாது. இரண்டு வரியில் சொல்லிவிடலாம். வடக்கு கிழக்கின் கடற்கரைகளுக்கும் குளக்கட்டுகளுக்கும் காட்டோரங்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் என்ன என்று கேட்க, எல்லாக் காணிகளும் விடுபடும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே உள்ள தமிழ்ப் பெற்றோருக்கும் ஒன்று சொல்லலாம். அந்த உரிமை உங்களுக்கும் உங்கள் பிள்ளைக்கும் ஏற்கெனவே இருக்கிறது. செலவு ஒரு சோடிக் கம்பளி உடுப்பும் ஒரு ஞாயிறும்தான்.